சிப்பாய் ஆசானாக வேண்டும்

பழைய வட ஆற்காடு ஜில்லாவுக்குப் பட்டாளம் புதியதன்று. 1989-ல் அந்த ஜில்லா வேலூர் என்றும் திருவண்ணாமலை என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பும் வழக்கம் இரு பக்கத்திலும் மாறவில்லை. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ஜனங்கள் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். திருவண்ணாமலையைச் சுற்றிய கிராமங்களிலும் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று வழிகேட்டால் கை காட்டுவதற்கு ஆள் உண்டு.

அந்தப் பட்டாளத்துக்காரர்களிற் பலர் நாற்பது வயது ஆகுமுன்பே பென்ஷனுடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பெட்டியில் சீருடையும் சில பதக்கங்களும் இருக்கின்றன. சரீரத்திலோ பதினைந்து இருபது வருஷத்து அப்பியாசம் இருக்கிறது. பெட்டியிலுள்ளதை ஊரார் பார்த்து வியக்கிறார்கள். சரீரத்திலுள்ளதை என்ன செய்வதென்று ஒருவரும் கேட்பதில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்த மனிதர் ஏதோ ஒரு பாங்கி வாசலிலோ ஆலை வாசலிலோ காவலுக்கு நிற்கிறார். காவல் வேலை இழிவென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேசம் தன் செலவில் உருவாக்கிய ஒரு ஆசானை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேகாப்பியாசம் சொல்லிக் கொடுக்க ஆளில்லையென்று வருந்துவது எவ்வகை விவேகம்?

இந்தக் கேள்விக்கு வாதத்தைவிட ஒரு மனிதருடைய வாழ்க்கையே நல்ல விடை தரும். அவர் பெயர் உதய் சந்த். தமிழ்நாட்டில் அப்பெயரை அறிந்தவர் சிலரே. ஆகையால் அவர் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

உதய் சந்த் 1935 ஜூன் 25-ந் தேதி, அந்நாளில் பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஹிஸார் ஜில்லாவில் ஜாண்ட்லி என்னும் கிராமத்தில் பிறந்தார். வாலிபத்தில் இந்திய ராணுவத்திற் சேர்ந்தார். குஸ்தியில் 1958 முதல் 1970 வரையில் தேசத்துச் சாம்பியனாக விளங்கினார். 1960-ல் ரோமாபுரி, 1964-ல் டோக்கியோ, 1968-ல் மெக்ஸிகோ ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் பாரத நாட்டின் சார்பாக இறங்கினார். மெக்ஸிகோவில் ஆறாம் ஸ்தானம் பெற்றார். 1961-ல் ஜப்பானில் யோக்கோஹாமா நகரத்தில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தில் 67 கிலோ எடைப் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். சுதந்திர இந்தியாவில் உலகச் சாம்பியன் பந்தயத்திலே தனி மனிதனாகப் பதக்கம் வாங்கிய முதல் மல்லர் இவரே. அதே வருஷத்தில் சர்க்கார் ஏற்படுத்திய அர்ஜுனா விருதும் மல்யுத்தத்தில் முதன்முதலாக இவருக்கே கிடைத்தது.

1962-ல் ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் இரண்டு முறைகளிலும் வெள்ளி வென்றார். இரண்டு முறைகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்றில் எதிராளியின் காலையும் பிடிக்கலாம், தன் காலாலும் தடுக்கலாம். கிரேக்க ரோமானிய முறை என்னும் மற்றொன்றில் இடுப்புக்குக் கீழே தொடவே கூடாது. காலை ஆயுதமாக உபயோகிக்கவும் கூடாது. ஒன்றிற் பழகிய சரீரம் மற்றொன்றில் தடுமாறும். இதற்கும் மேலாக, நம் நாட்டு மல்லன் எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண் கோதாவில் வளர்கிறவன். சர்வதேசப் பந்தயமோ மெத்தையின் மேல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடப்பது. மண்ணில் பொறுமைக்கு மதிப்பு அதிகம், மெத்தையில் வேகத்துக்கு. கிராமத்து மண்ணிலிருந்து வந்த ஒருவன் இவ்வளவையும் புதிதாகக் கற்றுக்கொண்டான் என்றால், அவன் பலசாலி மட்டுமல்ல, நல்ல மாணாக்கனும் ஆவான். நல்ல மாணாக்கனே பிறகு நல்ல உபாத்தியாயனாகிறான்.

1966-ல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் வெண்கலம். 1970 ஜூலை மாதத்தில், முப்பத்தைந்து வயது நிரம்பிச் சில வாரங்களே ஆகியிருந்த சமயம், எடின்பரோ காமன்வெல்த் பந்தயத்தில் தங்கம். மல்லர்கள் பலர் கோதாவை விட்டு விலகிவிடும் வயது அது. இதோடு கதை முடிந்திருந்தால் நாம் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். பதக்கம் வென்றவர்களின் ஜாபிதாவில் ஒரு வரியாக இருந்துவிட்டுப் போயிருக்கும்.

அந்த 1970-ம் வருஷமே உதய் சந்த் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஹிஸார் நகரத்தில் அவ்வருஷம் ஸ்தாபிதமான ஹரியானா விவசாய சர்வகலாசாலையிற் பயிற்சியாளராக அமர்ந்தார். 1996 வரையில் அங்கேயே வேலை பார்த்தார். வாசகர்கள் கணக்கைப் பார்க்கட்டும். சாம்பியனாக இருந்தது பன்னிரண்டு வருஷம்; ஆசானாக இருந்தது இருபத்தாறு வருஷம். உழவுத் தொழிலைக் கற்க வந்த குடியானவர் பிள்ளைகளுக்கு, உலகத்துக் கோதாக்களைக் கண்டு வந்த ஒரு சிப்பாய் இருபத்தாறு வருஷம் பிடி சொல்லிக் கொடுத்தார். அவருடைய பதக்கங்களைக் காட்டிலும் இதுவே தேசத்துக்கு அதிக லாபம் என்பது நம்முடைய துணிபு.

காரணம் சொல்லுகிறோம். பதக்கம் மகனுக்குச் சொத்தாகப் போகலாம். வித்தை அப்படிப் போகாது. சட்டத்தைப் புஸ்தகத்திலே படித்துக்கொள்ளலாம். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைச் சீனியர் வக்கீலின் பக்கத்தில் நின்று பார்த்தே கற்க வேண்டியிருக்கிறது. மல்யுத்தம் இன்னும் கண்டிப்பானது. ஒரு பிடியின் பாரம் எங்கே விழுகிறது, எந்த க்ஷணத்தில் எதிராளியின் மூச்சு தளர்கிறது என்பதை ஏட்டில் எழுத முடியாது; உடலின் மேல் உடல் படும்போதுதான் தெரியும். வித்தையறிந்த ஒருவர் சொல்லிக் கொடாமல் மறைந்தால், அந்த வித்தையில் ஒரு பாகம் அவரோடு தகனமாகிவிடுகிறது.

இதற்கு மாறான ஒரு சரித்திரமும் நம் கண் முன் இருக்கிறது. 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மராட்டிய வீரர் கே. டி. ஜாதவ், சுதந்திர இந்தியாவுக்குத் தனி மனிதனாக ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த முதல்வர். அவரைப் பந்தயத்துக்கு அனுப்பப் பணம் போதாமல், அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் தலைவர் தம் வீட்டையே அடமானம் வைத்தார் என்பது பிரசித்தம். பிற்பாடு ஜாதவ் போலீஸ் இலாகாவில் சேர்ந்து உழைத்தார். ஆனால் குஸ்தியை நடத்திய சங்கத்தார் அவரை வெகுகாலம் மறந்திருந்தார்கள். தமக்குச் சேர வேண்டிய பென்ஷனுக்கே அவர் போராட நேர்ந்தது. 1984-ல் சாலை விபத்தில் அவர் மாண்டார். அர்ஜுனா விருது 2000-ல்தான், காலமான பிறகு, அவரை அடைந்தது. உயிரோடிருந்தபோது ஒரு நல்ல கோதாவையும் நூறு பிள்ளைகளையும் அவர் வசம் ஒப்புவித்திருந்தால் தேசத்துக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்?

ஹெல்ஸிங்கிக்குப் பின் மல்யுத்தத்தில் மறுபடி ஒலிம்பிக் பதக்கம் வர ஐம்பத்தாறு வருஷம் சென்றது. 2008-ல் சுசீல் குமார், 2012-ல் மீண்டும் அவரும் யோகேஸ்வர் தத்தும், 2016-ல் சாக்ஷி மாலிக் என்னும் பெண்மணி, 2021-ல் நடந்த டோக்கியோ பந்தயத்தில் ரவி தஹியாவும் பஜ்ரங் புனியாவும், 2024-ல் அமன் ஷெராவத் என்று பிறகு வரிசையாக வந்தார்கள். இவர்கள் அனைவரும் ஹரியானாவையும் டில்லியையும் சேர்ந்தவர்கள். இதெல்லாம் உதய் சந்த் ஒருவரால் விளைந்தது என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் பழைய மல்லர்கள் ஊர்தோறும் உட்கார்ந்து சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் உள்ள பூமியிலேதான் இந்தப் பயிர் விளைந்திருக்கிறது என்பதை யார் மறுக்க முடியும்?

தமிழருக்கு இது சம்பந்தமில்லாத வித்தையென்று சிலர் நினைக்கலாம். அது தவறு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூறு சொல்லுகிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட நரசிம்மவர்ம பல்லவன் சூட்டிக்கொண்ட பட்டம் மாமல்லன். அப்பெயராலேயே மாமல்லபுரம் இன்றும் வழங்குகிறது. கோதா, வஸ்தாத், பிடி, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய சொற்கள் நம் பேச்சில் உயிரோடிருக்கின்றன. தேகப்பயிற்சி உபாத்தியாயர்களைத் தயார் செய்யும் கல்லூரியை ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ல் ஆரம்பித்ததும் சென்னையிலேதான். சொல் இருக்கிறது, சரித்திரம் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது. ஊரிலே இல்லாதது வஸ்தாத் ஒருவரே.

திருவண்ணாமலைக்கு இதிலே தனிப்பட்ட பொறுப்பு உண்டு. 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும், ஹைதர் அலியும் நிஜாமும் சேர்த்து நடத்திய படையும் மோதியது இவ்வூர்ப் பக்கத்திலே. அந்நாளில் பிறருடைய வழக்குக்காக நம்மவர் ரத்தம் சிந்தினார்கள். இன்றைய ராணுவம் நம்முடையது. அதிலே கற்ற வித்தையும் நம்முடையதாக வேண்டும். அது சிப்பாயோடு எல்லையிலே நின்றுவிடாமல் அவனோடு ஊருக்கும் வரவேண்டும்.

விஷயம் இப்போது அவசரமாகியும் விட்டது. 2022 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேரும் வாலிபர்களுக்குச் சேவை நான்கு வருஷமே. அவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று அத்திட்டம் கூறுகிறது. மற்றவர்கள் இருபத்தைந்து வயதுக்கு முன்னும் பின்னுமாக, உடல் முறுக்கேறிய பருவத்தில், பென்ஷனின்றி வீடு திரும்புவார்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். திரும்பி வருகிறவர்களுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்பதே நம் கேள்வி.

ஆட்சேபணைகள் சொல்லப்படும் என்பதை அறிவோம். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மண் கோதாவுக்கு வேண்டியது சலித்த மண், சிறிது எண்ணெய், மஞ்சள், வெயிலுக்கு ஒரு கூரை. மெத்தை பிறகு வரட்டும். குஸ்தி முரட்டுத்தனத்தை வளர்க்கும் என்பார்கள். தன் பலத்தை அளந்து உபயோகிக்கப் பழகாதவனே முரடன். கோதாவிலே முதற்பாடம் அந்த அளவுதான். ராணுவத்தில் இருந்ததனால் மட்டும் ஒருவர் உபாத்தியாயராகிவிடுவாரா என்பார்கள். ஆகமாட்டார், அதனாலேதான் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தர 1961-ல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு ஸ்தாபனம் திறக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களை ஜில்லா நிர்வாகம் தன் செலவில் அங்கே அனுப்பட்டும்.

ஒரு ஆட்சேபணையை மட்டும் நாம் தலைவணங்கி ஏற்கிறோம். 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில், தேசத்துக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்த வீராங்கனைகளே, தங்கள் சங்கத்தின் தலைமைக்கு விரோதமாகப் புகார் கூறி வீதியில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் சரீரத்தைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் வித்தை இது. ஆகவே கோதாவின் கதவு பெற்றோருக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசான் வேண்டும். ஆசானைக் கேள்வி கேட்க ஊரிலே ஒரு சபை வேண்டும். குரு பக்தி என்ற பேரால் வாயை அடைக்க இடம் கொடுக்கலாகாது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. பஞ்சாயத்தார் ஒரு இடம் ஒதுக்கட்டும். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்கள் ஊரிலுள்ள பட்டாளத்துக்காரரை வீடு தேடிப் போய் அழைக்கட்டும். அவருக்கு மரியாதையோடு மாதச் சம்பளமும் ஏற்படட்டும். அவருக்குக் குஸ்தி தெரியாவிட்டால் ஓட்டமும் தண்டாலும் தெரியும்; சூரியோதயத்துக்கு முன் எழுந்து வரிசையில் நிற்பது கட்டாயம் தெரியும். அதுவே பாதி வித்தை. உதய் சந்த் ஜாண்ட்லியிலிருந்து புறப்பட்டபோது அவரும் ஒரு கிராமத்துப் பையனே. அவரை உலகம் அறியச் செய்தது ராணுவம். அவர் கற்றதைப் பிறருக்குப் பயன்படச் செய்தது, அவரை அழைத்து உட்கார வைத்த ஒரு கலாசாலை. ராணுவம் தன் பங்கை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறது. மற்றப் பாதியைச் செய்யவேண்டியவர்கள் நாம்.