பாறை களிமண்ணாகும் விதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைக் குன்றும் சுற்றுவட்டார மலைகளும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், கிரானைட் வகைப் பாறைகளால் ஆனவை. இவை பூமியின் ஆழத்தில் உருவானவை. மேலே மூடியிருந்த பாறை அரிக்கப்பட்ட பின் வெளியே தெரிகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் இப்பாறைகளின் பிளவுகளில் கற்குழம்பு ஏறி உறைந்து, கருநிற டோலரைட் சுவர்களாக நிற்கிறது.

செம்மண்
மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்அமிலமாகிறது. அது நைஸிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்திலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றைக் கரைத்துச் செல்கிறது. எஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் நீருடன் சேர்ந்து கயோலினைட் என்னும் வெண்களிமண் ஆகின்றன. இரும்பு ஆக்சைடு கலந்தால் மண் சிவக்கிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் மணலாகத் தங்குகிறது.

கருமண்
டோலரைட்டில் கால்சியம், மக்னீசியம், இரும்பு அதிகம். நீர் வடியாத தாழ்விடங்களில் அது ஸ்மெக்டைட் களிமண்ணாக மாறுகிறது. இதன் நுண்தகடுகளுக்கு இடையே நீர் புகுவதால் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்.

எரிமலை நிலங்களில்
தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய லாவா பசால்ட்டாக உறைந்தது. மகாராஷ்டிரத்தின் கரிசல் மண் அதிலிருந்து வந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் பசால்ட்டை ஒட்டி, ஸ்மெக்டைட் நிறைந்த பென்டோனைட் களிமண் வெட்டப்படுகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் சேற்றுக்கும் வார்ப்பட மணலுக்கும் அது பயன்படுகிறது.

ஆனால் தமிழகத் தென்மாவட்டக் கரிசலின் பெரும்பகுதிக்கு மூலம் நைஸ் பாறையே. களிமண்ணின் வகையைப் பாறையுடன் மழையளவும் வடிகாலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.