உங்களுக்குத் தெரியுமா? நேயர்கள் மாற்றிய கதை

இந்தித் தொலைக்காட்சித் தொடர்களுக்கெல்லாம் மூத்தது, 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’. விதை மெக்சிகோவிலிருந்து வந்தது! நெடுந்தொடர் வழியாக அங்கே குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பியதைக் கண்டு, இங்கும் அதே முயற்சி. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஆரம்பப் பகுதிகளில் பிரசார நெடி தாங்கவில்லை என்று நேயர்கள் முகம் சுளிக்க, உபதேசம் பின்னுக்குப் போய் வீட்டுச் சண்டை முன்னுக்கு வந்தது. பிறகு பாருங்கள், கடிதங்கள் குவிந்தன.

கதையில் வரும் குடும்பத்தின் மூத்த மகள் பட்கியின் கல்யாணக் காட்சி ஒளிபரப்பான மாலையில் வடநாட்டில் கடைகளைச் சீக்கிரமே சாத்தினார்களாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, பெரியவர் தோரணையில் இரண்டு வார்த்தை சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றையும் பொறுத்துப் போகும் தாய் பாகவந்தி, ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டப் படைக்கப்பட்டவர். நேயர்களில் பலரோ அவரையே உத்தமியாகக் கொண்டாடினார்கள்!

நேயர்கள் கதையை மாற்றியது ‘ஹம் லோக்’கோடு நிற்கவில்லை. பின்னாளில் ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ என்ற இந்தித் தொடரில் கதாநாயகன் மிஹிர் இறந்ததும் நேயர்கள் கொதித்தெழ, செத்தவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.