சுருங்கும் பாலாடைக்கட்டி

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். கடையில் 400 கிராம் பாலாடைக்கட்டி (சீஸ்) வாங்குகிறீர்கள். சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே கடைக்குப் போகிறீர்கள். அதே உறை, அதே படம், அதே விலை. ஆனால் உள்ளே இருப்பது 350 கிராம். அப்படியானால் விலை எத்தனை விழுக்காடு உயர்ந்திருக்கிறது?

"விலைதான் ஏறவில்லையே!" என்பார்கள் சிலர். "50 கிராம் குறைந்துவிட்டது, ஆகவே 12.5 விழுக்காடு" என்பார்கள் வேறு சிலர். இரண்டு விடைகளுமே தவறு. முன்பு 400 கிராமுக்குக் கொடுத்த பணத்தை இப்போது 350 கிராமுக்குக் கொடுக்கிறோம். 400ஐ 350ஆல் வகுத்துப் பாருங்கள். 1.143 வருகிறது. அதாவது ஒரு கிராமின் விலை 14.3 விழுக்காடு ஏறியிருக்கிறது!

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு அன்று. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், 2012க்கும் 2017க்கும் இடையே 2,529 கடைப் பொருள்கள் அளவில் சிறுத்ததாகக் கணக்கிட்டது. அதே காலத்தில் பெருத்தவை 614 மட்டுமே. சிறுத்த பொருள்களின் விலை பெரும்பாலும் குறையவில்லை.

கண் ஏன் ஏமாறுகிறது?

400 கிராம் பாலாடைக்கட்டியைக் கனசதுரமாக வெட்டினால், அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 72 மில்லிமீட்டர் இருக்கும். 350 கிராம் கட்டியின் பக்கமோ 69 மில்லிமீட்டர். வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான்! நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நான்கு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறைத்தாலே போதும். கன அளவில் எட்டில் ஒரு பங்கு மறைந்துவிடும்.

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். ஒரு மாற்றத்தை நாம் உணர்வது அந்த மாற்றத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. முதலில் இருந்த அளவுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. கையில் 100 கிராம் இருக்கும்போது இன்னொரு 50 கிராம் சேர்த்தால் உடனே தெரியும். 10 கிலோ மூட்டையோடு 50 கிராம் சேர்த்தால் தெரியாது. 72 மில்லிமீட்டரில் 3 மில்லிமீட்டர் குறைவதும் இப்படிப்பட்டதே. அதிலும் பழைய கட்டி பக்கத்தில் இல்லாதபோது எதனுடன் ஒப்பிடுவது?

நீரும் காலமும்

எடை குறைந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். தரம் குறைந்தால்? இதற்குப் பாலாடைக்கட்டி எப்படி உருவாகிறது என்று தெரியவேண்டும்.

இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் செடார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. உலகெங்கும் விற்கும் செடார் பாலாடைக்கட்டிக்குப் பெயர் தந்தது அவ்வூர்தான். ஒரு கிலோ செடார் செய்ய ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். பாலில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவையும், ரென்னெட் என்னும் நொதியையும் சேர்க்கிறார்கள். கேசின் என்ற புரதம் திரள்கிறது. நீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, குளிர்ந்த அறையில் வைக்கிறார்கள். அங்கே மாதக்கணக்கில் நொதிகள் புரதத்தைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. சுவை பிறப்பது அப்போதுதான். இளம் செடாருக்கு மூன்று மாதங்கள் போதும். நன்கு முதிர்ந்ததற்கு ஓராண்டும் ஆகலாம்.

துணி சுற்றி முதிரவைக்கும் கட்டியிலிருந்து நீர் சிறிது சிறிதாக வெளியேறும். சுவை செறியும், ஆனால் எடை குறையும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைத்தால் எடை அவ்வளவாகக் குறையாது. விற்பவருக்கு அது லாபம். முதிரும் காலத்தைக் குறைத்தாலோ கிடங்குச் செலவும் மிச்சம்.

நீரை இன்னும் கூட்ட வழி உண்டா? உண்டு. 1911இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் பாலாடைக்கட்டியுடன் சோடியம் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினார்கள். கேசினைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைச் சிட்ரேட் பற்றிக்கொள்கிறது. தளர்ந்த கேசின், கொழுப்பையும் நீரையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உருக்கினாலும் எண்ணெய் பிரிவதில்லை, நெடுநாள் கெடுவதுமில்லை. பதப்படுத்திய பாலாடைக்கட்டி பிறந்த கதை இதுதான். அது நல்ல கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி செடாரில் நீர் 39 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பதப்படுத்திய 'சீஸ் ஃபுட்' என்பதில் 44 விழுக்காடு வரை இருக்கலாம். 'சீஸ் ஸ்பிரெட்' என்பதில் 60 விழுக்காடு வரை! இந்த இரண்டிலும் உண்மையான பாலாடைக்கட்டி 51 விழுக்காடு இருந்தாலே போதும். ஒரு கிலோ ஸ்பிரெட் வாங்குபவர் 600 கிராம் வரை நீருக்குப் பணம் கொடுக்க நேரலாம். பொட்டலத்தில் பெயரோடு ஒட்டிநிற்கும் ஒரே ஒரு சிறு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

சொல்லிக் குறைத்த காலம்

பாலாடைக்கட்டி சுருங்கியது இது முதல் முறையன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், பிரிட்டனில் அதற்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 2 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 57 கிராம். பாலாடைக்கட்டிக்கென ஒதுக்கிய பாலில் பெரும்பகுதி 'அரசாங்கச் செடார்' என்ற ஒரே வகைக்குப் போயிற்று. பண்ணைகளில் தயாராகி வந்த பல உள்ளூர் வகைகள் அருகிப்போயின. 1954 வரை பங்கீடு நீடித்தது. தட்டுப்பாடு கடுமையானதே, ஆனாலும் எவ்வளவு கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் அதற்கேற்பத் திட்டமிட முடிந்தது.

இன்று பால், மின்சாரம், கூலி ஆகியவற்றின் விலை ஏறும்போது உற்பத்தியாளருக்கும் நெருக்கடி உண்டு. விலையை உயர்த்தினால் அது வெளிப்படை. வாங்குபவர் யோசித்து முடிவு செய்யலாம். எடையை ஓசையின்றிக் குறைத்தால் அந்த வாய்ப்புப் பறிபோகிறது. எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கே இதனால் இழப்பு அதிகம். இதனால்தான் பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், ஒரு பொருளின் அளவு குறைந்து அலகு விலை ஏறினால், பெரிய கடைகள் அதை இரண்டு மாதங்கள் அறிவிப்பாக வைக்கவேண்டும் என்று ஆணை வந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

நம் நாட்டிலும் 2021இல் திருத்திய விதிகளின்படி பொட்டலங்களில் அலகு விலையை அச்சிடவேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் வீட்டில் வாங்கும் ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட், சோப்பு, பற்பசை, எதுவானாலும் சரி. தேதி, நிகர எடை, விலை, ஒரு கிராமின் விலை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பொருளின் முழுப் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் எழுதி, ஒரு வரைபடம் வரையுங்கள்.

ஓராண்டு முடிவில் எந்தக் கோடு ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.