நூற்றைந்து செக்கனில் ஒரு கணக்கு

கணக்கு அறிந்திருத்தல் வேறு. கணக்கைக் காலத்துள் முடித்தல் வேறு. முன்னதைப் பள்ளிக்கூடம் கற்பிக்கின்றது. பின்னதை மாணவன் தானே பயின்று கொள்ளவேண்டியிருக்கின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே பட்டமேற்படிப்பை நாடும் நம் இளைஞரும் யுவதியரும் இவ்வேற்றுமையை நன்குணரும் இடம் ஜீ.ஆர்.ஈ. என்னும் அனுமதிப் பரீட்சையாகும்.

ஹாவார்ட், யேல், பிறின்ஸ்ரன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் துணையோடு, கார்ணகி அறநிலையம் ஒன்று 1936-ம் ஆண்டிலே பரீட்சார்த்தமாகத் தொடக்கிய சோதனை இது. இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதனை வற்புறுத்துவதில்லை. ஆதலின், தாம் விரும்பும் துறை இதனைக் கேட்கின்றதா என்று முதலில் விசாரித்தறிதல் நன்று. கேட்குமிடங்களிலோ, அனுமதியும் உதவிப்பணமும் தீர்மானமாகும்போது இப்புள்ளியும் சீர்தூக்கப்படும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு இதனோடு பிணைந்திருத்தல் கூடும்.

2023-ம் ஆண்டு செப்டெம்பர் மாதந் தொடக்கம் இப்பரீட்சை சுருக்கிய வடிவில் நடைபெறுகின்றது. கணிதத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் 12 வினாக்களுக்கு 21 நிமிடம். இரண்டாம் பகுதியில் 15 வினாக்களுக்கு 26 நிமிடம். ஆக, 27 வினாக்கள், 47 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்குச் சற்றேறக்குறைய 105 செக்கன் கிடைக்கும். புள்ளி 130 முதல் 170 வரை வழங்கப்படும். முதற்பகுதியில் மாணவன் காட்டிய திறமைக்கேற்பவே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும்.

நல்ல பழக்கமே தடையாகும் விந்தை

நம் நாட்டுப் பரீட்சைகளிலே செய்கையைப் படிப்படியாகக் காட்டுவோர்க்குப் புள்ளி உண்டு. விடை தவறினும் வழி சரியெனின் ஆசிரியர் இரங்குவார். ஜீ.ஆர்.ஈ. பரீட்சையில் செய்கையைப் பார்ப்பார் எவருமிலர். விடை ஒன்றே பார்க்கப்படும். ஆகவே, வரிவரியாக எழுதிப் பழகிய கெட்டிக்கார மாணவனே இங்குக் காலம் போதாது திகைக்கின்றான். அவன் கணிதத்திற் குறைந்தவனல்லன். பத்து வரியில் எழுத வேண்டியதையும் இரண்டு வரியில் முடிக்க வேண்டியதையும் பிரித்தறியப் பழகாதவன், அவ்வளவே.

பாடத்திட்டமோ அச்சந் தருவதன்று. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுகளை ஆராய்தல் ஆகிய நான்கே பொருள்கள். திரிகோண கணிதமும் நுண்கணிதமும் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் நாம் கற்பிக்குங் கணிதத்திலே இவற்றிற் பெரும்பகுதி அடங்கும். நுண்கணிதத்தில் வல்ல பொறியியற் பட்டதாரியும் பின்னம், விகிதம், நூற்றுவீதம் ஆகியவற்றை மறந்திருப்பாராயின் இடர்ப்படுவார். பழைய பாடநூலைத் தூசி தட்டி எடுப்பதே முதல் வேலை.

எண்ணை இட்டுப் பார்த்தல்

ஒரு பொருளின் விலை நூற்றுக்கு 20 வீதம் ஏறிப் பின் 20 வீதம் இறங்கினால், இறுதியில் மாற்றம் எவ்வளவு? விலையை எழுத்தாற் குறித்துச் சமன்பாடு எழுதலாம். விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வது அதனினும் எளிது. 100 ஏறி 120 ஆகும், 120-இல் 20 வீதம் 24, கழித்தால் 96. எனவே நூற்றுக்கு 4 குறைவு.

மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் சென்று, அதே வழியால் 60 கிலோமீற்றர் வேகத்தில் மீள்பவரின் சராசரி வேகம் யாது? அவசரக்காரர் 50 என்பர். 40-ஆலும் 60-ஆலும் வகுபடும் 120 கிலோமீற்றரைத் தூரமாகக் கொள்ளுங்கள். போக 3 மணித்தியாலம், வர 2, மொத்தம் 5. தூரம் 240. சராசரி வேகம் 48. மெதுவாகச் சென்றபோதே கூடிய நேரம் கழிந்தமையால், சராசரி 40-இன் பக்கம் சாய்ந்தது. இக்காரணத்தை உணர்ந்த மாணவன் எந்நாளும் 50 என்று எழுதான்.

விடையிலிருந்து வினாவுக்கு

தந்தையின் வயது மகனின் வயதைப்போல் நான்கு மடங்கு. 20 ஆண்டுகளின் பின் இரண்டு மடங்காகும். மகனின் இப்போதைய வயதென்ன? 5, 8, 10, 12, 15 என ஐந்து விடைகள் தரப்பட்டிருப்பின், நடுவிலுள்ள 10-ஐச் சோதியுங்கள். தந்தைக்கு 40. இருபதாண்டின் பின் மகனுக்கு 30, தந்தைக்கு 60, பொருந்துகின்றது. பொருந்தாதிருந்தாலும், கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் வினா மகனின் வயதைக் கேட்கின்றதா, தந்தையின் வயதைக் கேட்கின்றதா என்பதை விடையைத் தெரிவுசெய்யுமுன் மறுபடி பாருங்கள். வழி சரியாயிருந்தும் விடை தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

ஒப்பிடும் வினாக்கள்

இரண்டு கணியங்களைத் தந்து எது பெரிது என்று கேட்கும் வினாக்கள் இப்பரீட்சையின் தனிச்சிறப்பு. முதலாவது பெரிது, இரண்டாவது பெரிது, இரண்டும் சமம், தந்த விவரங்கொண்டு தீர்மானிக்க இயலாது என நான்கு விடைகள் உண்டு. இங்கே கணித்து முடிப்பது நோக்கமன்று, ஒப்பிடுவதே நோக்கம்.

35-இல் 17 பங்கையும் 39-இல் 19 பங்கையும் கூட்டினால் வருவது ஒன்றினும் பெரிதா, சிறிதா? பொதுப்பகுதி காணப் புகுந்தால் ஒரு நிமிடம் போய்விடும். 35-இன் அரைவாசி பதினேழரை. 39-இன் அரைவாசி பத்தொன்பதரை. எனவே இரண்டு பின்னங்களும் அரையிலும் சிறியவை. அவற்றின் கூட்டு ஒன்றிலும் சிறிது. எழுதுகோலுக்கே வேலையில்லை.

மற்றொன்று: ஒரு நேர் எண்ணும் அதன் வர்க்கமும், எது பெரிது? 2-ஐ மட்டும் இட்டுப் பார்த்தவர் வர்க்கமே பெரிது என்பார். 1-ஐ இட்டால் சமம், அரையை இட்டால் வர்க்கம் கால், சிறிது. ஆகவே தீர்மானிக்க இயலாது. ஓர் எண்ணுக்குப் பொருந்தியது எல்லா எண்களுக்கும் பொருந்துமென்பது நியாயமாகாது. எண் எத்தகையது என்று வினா வரையறை செய்யாதவிடத்து, பூச்சியம், ஒன்று, பின்னம், மறை எண் ஆகியவற்றையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

கேத்திரகணிதப் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று எண்ணலாகாது. செங்கோணம்போல் தோன்றுவது செங்கோணமாகாது. வினா அவ்வாறு சொல்ல வேண்டும்.

கணிப்பானும் மதிப்பீடும்

கணினித் திரையிலே கணிப்பான் ஒன்று தரப்படுகின்றது. அது எட்டு இலக்கங்களுக்கு மேற் காட்டாது. 7-இன் ஐம்பதாம் அடுக்கின் கடைசி இலக்கம் யாது என்று கேட்டால் அது உதவாது. அவ்வெண்ணுக்கு 43 இலக்கங்கள் உண்டு. 7-இன் அடுக்குகளின் கடைசி இலக்கங்கள் 7, 9, 3, 1 என நான்கு நான்காகச் சுழலும். 50-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே விடை 9.

607-இல் நூற்றுக்கு 19.8 வீதம் எவ்வளவு என்ற வினாவுக்கு, 60, 120, 240 என விலகி நிற்கும் விடைகள் தரப்பட்டிருப்பின், 600-இன் ஐந்தில் ஒன்று 120 என்று மதிப்பிட்டு அப்பாற் செல்க.

காலத்தைப் பங்கிடல்

ஒரு பகுதிக்குள் எல்லா வினாக்களுக்கும் மதிப்பு ஒன்றே. கடினமான வினாவுடன் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டி வென்றாலும், எளிய வினாவுக்குரிய பலனே கிட்டும். முதற்சுற்றில் தெரிந்தவற்றை முடித்து, ஏனையவற்றைக் குறித்துவைத்து, இரண்டாம் சுற்றில் திரும்புக. ஒரே பகுதிக்குள் திரும்பிச்செல்ல இடமுண்டு. தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடையின்றி விடலாகாது.

பிழைக் கொப்பி

பயிற்சிக் காலத்திலே ஒரு கொப்பி வைத்திருங்கள். பிழைத்த வினா ஒவ்வொன்றையும் எழுதி, பிழை எதனால் நேர்ந்தது என்று குறியுங்கள். பாடம் தெரியாமையா, வினாவைத் தவறாக வாசித்தமையா, கூட்டல் கழித்தலிற் சறுக்கலா, நேரம் போதாமையா? நான்குக்கும் மருந்து வெவ்வேறு. பாடம் தெரியாதவனுக்கு வேகப்பயிற்சி கொடுப்பதும், அவசரக்காரனுக்கு மேலும் பாடம் நடத்துவதும் வீண். முதலில் நேரம் பாராது செய்து, வழி விளங்கிய பின்னரே மணிக்கூட்டை முன்வைக்க வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பரீட்சையை நடத்துவோரே இலவசமாக மாதிரிப் பரீட்சைகளை வழங்குகின்றனர். கூடிய பணங் கொடுத்துச் "சூத்திரங்கள்" வாங்குமுன் அவற்றைப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். குறுக்குவழி எதுவும் கணிதத்துக்குப் புறம்பானதன்று. மேலே காட்டிய வழிகள் யாவும் பின்னமும் விகிதமும் நன்கு விளங்கியவர்க்கே கைகொடுக்கும். விளங்காமல் மனனஞ் செய்தவனை, வினா சற்று உருமாறிய மாத்திரத்தே அவை கைவிட்டுவிடும். விளக்கம் முதலில் வரட்டும். வேகம் தானே பின்தொடரும்.