முயலுக்குத் தீன்: கடையிலா, வேலியிலா?

மீள்குடியேறிய பின் வாழ்வாதார உதவியாக எனக்கு நான்கு முயல்கள் கிடைத்தன. தீனுக்கு யாரும் வழி சொல்லவில்லை. கடைத் தீனையே போட்டேன். குட்டி விற்ற காசு கடைக் கடனுக்கே போனது.

முயல் வளர்ப்பில் பெருஞ்செலவு தீன்தான். 2021இல் இரசாயன உரத் தடைக்குப் பின் சோளம் குறைந்து, தீன் விலை ஏறியது. என் குட்டிகளுக்கு அதே பழைய விலைதான்.

முயலுக்கு நார்ச்சத்து அவசியம்; இல்லாவிட்டால் குடல் கெடும். புல், அகத்தி, முள்முருங்கை இலைகளைச் சற்று வாடவிட்டுக் கொடுக்கலாம். இப்பிலிப்பில் அளவோடுதான்; அதிலுள்ள மிமோசின் உரோமத்தை உதிர்க்கும்.

ஆனால் பச்சையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் தீனுக்கு ஈடாக ஏறத்தாழ அரைக் கிலோ புல் வேண்டும். புல்லை மட்டும் தின்னும் குட்டி விற்பனை எடைக்கு வரப் பல வாரம் பிந்தும். புல்லறுக்கும் நேரமும் செலவே.

இப்போது பாலூட்டும் தாய்க்கும் பால்மறந்த குட்டிகளுக்கும் மட்டும் கொஞ்சம் கடைத் தீன் போடுகிறேன். மற்றவை வேலியோரப் பச்சையில் வளர்கின்றன. கடன் இல்லை.

முயல் 31 நாளில் குட்டி ஈனும். புல் அப்படிப் பெருகாது. எத்தனை முயல் வளர்க்கலாம் என்று மாரியில் கணக்குப் பார்க்காதீர்கள். ஆவணி வெயிலில் வளவைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.