சர்க்கரை மாத்திரைக்குத் தறி விலை என்ன?

சேலத்துக்குப் பக்கத்துத் தறி ஊரான இளம்பிள்ளைக்காரர்களிடம் சேலை விலையில் யாரும் கதை விட முடியாது. தறியிலிருந்து இறங்கும்போது என்ன விலை, மொத்தக் கடையில் என்ன விலை, வெளியூர்க் கடையில் லேபிள் ஒட்டியபின் என்ன விலை, எல்லாம் விரல்நுனியில். மாத்திரைக்கு மட்டும் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மஞ்சப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். இரண்டும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500. ஒன்று மெடிக்கலில் வாங்கியது. மற்றதில் தமிழ்நாடு அரசு முத்திரை, ‘விற்பனைக்கு அல்ல’ என்ற அச்சு. “காசு குடுத்து வாங்குனதுதானுங்க நல்லாக் கேக்கும்?” என்றார்.

அந்த ஓசி அட்டையின் கதை அவருக்குத் தெரியாது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கு மொத்தமாக டெண்டர் விடுகிறது. கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் மூலப்பெயரில். சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கும், மாதிரி ஆய்வகம் போகும், தேறினால்தான் ஆஸ்பத்திரிக்கு. அதாவது அரசு போடுவது வெறும் பணமல்ல, பேரமும்கூட. மொத்தமாக எடுத்தால் விலை எப்படி இறங்கும் என்று இந்த ஊருக்கா சொல்ல வேண்டும்?

ஆனால் ஓசிக்கும் விலை உண்டு. சேலம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைக்குத் தறி ஓடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தபோது மிச்சமானது, பஸ் காசும் அந்த ஒரு நாள் கூலியும்.

2025 பிப்ரவரி 24-இல் 1000 கடைகளோடு திறந்த ‘முதல்வர் மருந்தகம்’ வேறு கணக்கு. இங்கே மானியம் கடை வைப்பவருக்கு: தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய், பாதி ரொக்கம், பாதி மருந்து. மலிவான ஜெனரிக் மருந்தை வாங்கும்போதுதான் நோயாளிக்கு லாபம். சீட்டில் டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டால், அதே மருந்தை வேறு பெயரில் மாற்றிக் கொடுக்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் கடைக்காரருக்கு இடம் தருவதில்லை. லட்சங்களில் கொடுத்த மானியத்தை ஒரு பேனா கடைவாசலிலேயே நிறுத்திவிடும். என்னைக் கேட்டால், பாதி சீர்திருத்தம் அந்தப் பேனாவில்தான் இருக்கிறது.

“அடுத்த தடவை, மருந்துப் பேரையே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்களேன்” என்றேன்.

சிரித்தார். “எந்தத் தறிச் சேலைன்னு கேட்டா நாங்களே சொல்றதில்லீங்களே!”