கார் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறீங்களா? நீங்க வட்டி மட்டும்தான் கட்டுறீங்க!



எங்க ஊர் உவரி. வாசல்ல நின்னாலே கடல் சத்தம் கேட்கும். அப்பாகிட்ட 2012 மாடல் சின்ன கார் ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் தொடர்ந்து கோடை ஆரம்பத்துல ஏசிக்கு கேஸ் அடிச்சோம், தடவைக்கு 2,000 ரூபாய். நாலாவது வருஷம்தான் மெக்கானிக்கிட்ட கேட்டேன்: "அண்ணாச்சி, போன வருஷம் அடிச்ச கேஸ் எங்க போச்சு?"

ஊர் கணக்கையெல்லாம் பார்க்கிற ஆடிட்டர் நான். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு 6,000 ரூபாய் செலவாச்சு!

கேஸ் பெட்ரோல் மாதிரி தீராது

ஏசிங்கிறது மூடின சுற்று. கம்ப்ரஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில்னு அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப சுத்தும். ஹோஸ், சீல் வழியா பல வருஷத்துல கொஞ்சம் குறையறது சகஜம். ஒரே வருஷத்துல காலியானா அது லீக். லீக்கை அடைக்காம கேஸ் அடிக்கிறது, அசலைத் தொடாம வட்டி மட்டும் கட்டுற மாதிரி.

இதுல இன்னொரு ஆபத்து. கேஸோட சேர்ந்துதான் ஆயிலும் சுத்துது. லீக்ல அதுவும் போச்சுன்னா கம்ப்ரஸர் ஜாம் ஆகும். செலவு பல மடங்கு.

எங்க கார்ல ஓட்டை கண்டென்சர்ல. அது ரேடியேட்டருக்கு முன்னாடி, எதிர்காத்தை நேரா வாங்குற இடத்துல இருக்கு. உப்புக்காத்து பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிர்ந்திருந்தது.

ஒர்க்‌ஷாப்ல இதைக் கேளுங்க

1. முதல்ல கேபின் ஃபில்டர், கண்டென்சர் ஃபேன் செக் பண்ணுங்க. கூலிங் குறைய கேஸ் மட்டும் காரணம் இல்ல.
2. கேஸ் அடிக்கும் முன்னாடி லீக் டெஸ்ட். நைட்ரஜன் பிரஷர் வச்சோ, யூவி டை வச்சோ பார்ப்பாங்க.
3. பார்ட் மாத்தினா ஓ-ரிங், டிரையரும் புதுசு போடணும்.
4. அரை மணி நேரமாவது வேக்யூம் போடணும். நிறுத்தினதுக்கு அப்புறமும் முள் ஏறக்கூடாது.
5. கேஸை கிராம் கணக்குல எடை போட்டு ஏத்தணும். அளவு பெரும்பாலும் பானட் ஸ்டிக்கர்ல இருக்கும். அதிகமா ஏத்தினா கூலிங் கூடாது, கம்ப்ரஸருக்குத்தான் சுமை.
6. பில் வாங்குங்க. ஆர்-134ஏ எத்தனை கிராம், எந்த பார்ட், எத்தனை மாசம் வாரண்டினு அதுல இருக்கணும். ஜிஎஸ்டி மிச்சம்னு பில்லை விட்டா வாரண்டி கேட்க ஆதாரமே இருக்காது.

கணக்குக்கு வருவோம்

எங்களுக்கு கண்டென்சர், டிரையர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ஆச்சு. வருஷம் 2,000-னா அஞ்சு வருஷத்துல 10,000, அப்பவும் லீக் அப்படியேதான் இருக்கும். உங்க காருக்கு தொகை மாறும், இந்தக் கணக்கைப் போடுற முறை மாறாது.

இன்ஷூரன்ஸ் தரும்னு நினைக்காதீங்க. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா இருந்தாலும் தேய்மானத்துக்கு கிளெய்ம் கிடையாது.

கார் 15 வருஷத்தை நெருங்குதா? அப்போ ஆர்சி புதுப்பிக்கணும், அதுவும் அஞ்சு வருஷத்துக்குத்தான். காரை வச்சுக்கிறதா, விக்கிறதானு முடிவு பண்ணிட்டு பெரிய செலவுல இறங்குங்க. ரெண்டு மாசத்துல விக்கப் போற காருக்கு புது கம்ப்ரஸர் போட்டா அந்தப் பணம் முழுசா திரும்பி வராது.

வச்சுக்கப் போறீங்கன்னா மாசம் 500 ரூபாய் தனி ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு 6,000 சேரும். ரிப்பேர் வந்தா கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம்.

இப்போ அப்பா வாரம் ஒரு தடவை கார் முன்பக்கத்தை நல்ல தண்ணியில மெதுவா அலசி விடுறார். மழைக்காலத்துலயும் வாரம் பத்து நிமிஷம் ஏசி ஓட விடுறார், சீல் காயாம இருக்க. ரெண்டு கோடை தாண்டியாச்சு, கேஸ் அடிக்கல.

அடுத்த தடவை "கேஸ் கம்மி சார்"னு சொன்னா, பர்ஸை எடுக்காதீங்க. "எங்க போச்சு?"னு கேளுங்க.